வயிறு நிறைய முட்டையோடு: சியாட்டில் ஓடைகளில் ஏழு நாள்

முதல் நாள்

மூன்று நாளாக இங்கே மழை இல்லையாம். நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் இது அபூர்வம் என்று விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போதே அக்கா சொல்லிவிட்டார். "மழை வந்தாத்தான் தம்பி, நீங்க பார்க்க வந்ததைப் பார்க்க முடியும். ஆனா வரக்கூடாதுன்னும் மனசு அடிச்சுக்குது."

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. பல வருடத்துக்கு முன் ஒரு நீர்ப் பரிசோதனைப் பயிற்சியில் அறிமுகமானவர். இந்த ஊருக்குக் குடிவந்த பிறகு, ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், கடலிலிருந்து நகரத்து ஓடைகளுக்கு முட்டையிட வரும் சால்மன் மீன்களை எண்ணும் தன்னார்வலர்களோடு போகிறார். எனக்கு ஓடைத் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது வெகுநாள் பழக்கம். வெப்பமானி, கரைந்த ஆக்சிஜன் மீட்டர், உப்புத்தன்மை காட்டும் மின்கடத்து மீட்டர், கலங்கல் பார்க்கும் நீளக் குழாய் எல்லாம் துணிகளுக்கு நடுவே சுருட்டி வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

பெட்டியை இறக்கி வைத்த கையோடு மேத்யூஸ் பீச்சுக்குப் போனோம். வாஷிங்டன் ஏரிக்கரைப் பூங்கா. தார்ன்டன் ஓடை அங்கேதான் ஏரியில் கலக்கிறது. ஏரி சாம்பல் நிறத்தில் அலையில்லாமல் கிடந்தது. நாலைந்து அடி ஆழத்தில் இருந்த கூழாங்கல்லின் வரிகள் கூடத் தெரிந்தன.

இந்தத் தெளிவு தானாக வந்ததல்ல. 1950-களில் ஏரியைச் சுற்றியிருந்த ஊர்கள் தங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரியிலேயே விட்டுவந்தன. பின்னர் அது நாளொன்றுக்கு 2 கோடி கேலன், அதாவது சுமார் 7.5 கோடி லிட்டர் வரை போனது. சுத்திகரித்த நீர்தானே என்று தோன்றும். ஆனால் பாஸ்பரஸ் அதில் போகாமல் தங்கியிருந்தது, பாசிக்கு அது உரம். 1955-ல் ஆசிலடோரியா ருபெசென்ஸ் என்ற பாசி ஏரியில் தென்பட்டது. ஐரோப்பாவில் ஏரிகள் கெடத் தொடங்கியபோது இதே பாசி தலைகாட்டியிருந்ததால், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ. டி. எட்மண்ட்சன் வரப்போவதைப் புரிந்துகொண்டார். தன் அளவீடுகளைப் பொதுமக்கள் முன்னால் வைத்தார். கழிவுநீரைத் திருப்பிவிட ஓர் அமைப்பு வேண்டுமா என்று 1958 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பு தோற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்தது வென்றது. மெட்ரோ என்ற அமைப்பு உருவாகி, ஏரியைச் சுற்றிப் பெருங்குழாய்கள் பதித்து, 1968-க்குள் கழிவுநீரை ஏரியை விட்டே திருப்பிவிட்டது.

வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பார்கள். செக்கித் தட்டு என்று பெயர். 1960-களில் அது இந்த ஏரியில் மூன்று அடிக்குள் மறைந்திருக்கிறது. கழிவுநீர் நின்றதும் தெளிவு திரும்பியது. 1976 வாக்கில் டாஃப்னியா என்ற சின்னஞ்சிறு நீர்வாழ் உயிரி பெருகி மிச்சப் பாசியையும் மேய்ந்து, ஏரி முன்னைவிடத் தெளிந்தது.

இதை நினைத்தாலே எனக்குத் தெம்பு வரும். வாய் தெரிந்த குழாயை மூடலாம். ஆனால் மழைநீர் வடிகாலுக்கு ஆயிரம் வாய். ஓடை கலக்கும் இடத்தில் நின்று அதைத்தான் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதே மேத்யூஸ் பீச்சில் கிருமி எண்ணிக்கை கூடிப்போனதால் சில கோடைகளில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். வாத்து எச்சம், நாய்க் கழிவு, எங்கோ கசியும் வீட்டுச் சாக்கடை எல்லாம் சேர்ந்துதான் ஓடை வழியாக இங்கே வருகின்றன.

இரண்டாம் நாள்

இன்றும் மழை இல்லை. தார்ன்டன் ஓடையோரம் மேல்நோக்கி நடந்தோம்.

சியாட்டிலின் மிகப் பெரிய ஓடைப் படுகை இதுதான். பெரும்பகுதி வீடுகளும் சாலைகளும் கடைகளுமாக மூடிக்கிடக்கிறது. கூரையிலும் தாரிலும் விழும் மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் வடிகாலுக்குள் ஓடி, அரை மணி நேரத்தில் ஓடையில் வந்து கொட்டுகிறது. காட்டு ஓடையில் இதே மழை நாள்கணக்கில் கசிந்து வரும். இங்கே மழை பெய்தால் வெள்ளம், நின்றால் வறட்சி. அந்த வேகம் கரையை அரிக்கிறது, படுகையைத் தோண்டுகிறது, வண்டலைக் கொண்டுவந்து சரளைக்கற்களின் இடுக்கில் அடைக்கிறது. சால்மன் முட்டை வைப்பது அந்த இடுக்கில்தான். தண்ணீர் உள்ளே போய்வந்தால்தான் முட்டைக்கு மூச்சு.

அதனால் ஓடையைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் சரளையைத்தான் பார்ப்பேன். ஒரு கல்லைப் பிடித்து அசைத்தால் சுலபமாகப் பெயர்ந்து வர வேண்டும். சிமென்ட் பூசியது மாதிரிப் பிடித்துக்கொண்டால் வண்டல் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இப்போது முட்டைக்காலம், ஓடைக்குள் கால் வைக்கவே கூடாது. கரையிலிருந்து பார்த்ததோடு சரி.

மெடோபுரூக் குளம் தாண்டியதும் அக்கா ஓரிடத்தில் நிறுத்தினார். நிக்கர்பாக்கர் பகுதி என்கிறார்கள். ஓடைப்படுகைக்குக் கீழேயும் ஓடை உண்டு. மணலும் சரளையும் நிறைந்த அந்த அடித்தளத்தில் நீர் மெதுவாக நுழைந்து, வளைந்து, மறுபடி மேலே வரும். பூச்சிகளின் குஞ்சுகளும் நுண்ணுயிர்களும் அங்கே குடியிருந்து நீரைச் சுத்தம் செய்கின்றன. நகரத்து ஓடைகளில் அந்த அடித்தளம் அரித்துப் போய்விட்டது. 2014-ல் இங்கே கரையை அகலப்படுத்தி, பல அடி ஆழத்துக்குத் தோண்டி, புதிதாகச் சரளை நிரப்பி, அதை மீண்டும் உண்டாக்கினார்கள். அப்புறம் சீடர் ஆற்றில் கூடைகளை வைத்து, அவற்றில் குடியேறிய உயிர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். பால் உறைய உறைமோர் விடுவது மாதிரி. 2018 இலையுதிர் காலத்தில் சினூக் சால்மன் இந்த இடத்துக்கே வந்து முட்டையிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினார். கோடையில் எடுத்த பூச்சி மாதிரிகளில், எண்ணி முடித்தபின் பயிற்சிக்காகக் கொடுத்தவையாம், சாராயத்தில் மிதக்கின்றன. ஒன்று கேடிஸ் பூச்சியின் புழு. விரல்நகத்தில் பாதிதான் இருக்கும். மணற்துகள்களைத் தன் வாய்நூலால் ஒட்டி, தானே கட்டிய குழலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரு துகள் பளிங்கு மாதிரி, அடுத்தது கறுப்பு, அதற்கடுத்தது துருப்பிடித்த சிவப்பு. கொத்தனார் கல் பொறுக்குவதுபோல அளவு பார்த்துப் பொறுக்கியிருக்கிறது. ஒரு துகள் கூடத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

இந்தப் பகுதியில் ஓடைக்கு மதிப்பெண் போடுவது இந்தப் பூச்சிகளை வைத்துத்தான். வலையை ஓடையில் பதித்து, அதன் முன்னால் இருக்கும் கற்களைத் துலக்கி, வருவதைச் சேகரித்து, சுமார் 500 உயிர்களை இனம் பிரித்து எண்ணுவார்கள். பத்து அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் பத்து, மொத்தம் நூறு. மே பூச்சி, கல் பூச்சி, கேடிஸ் பூச்சி ஆகிய மூன்றிலும் எத்தனை வகை என்பதற்குத் தனி மதிப்பு. 20-க்குக் கீழே வந்தால் ஓடை மிக மோசம்.

என் மீட்டர் நான் அமிழ்த்திய அந்த நிமிடத்தைத்தான் சொல்லும். பூச்சி அந்தத் தண்ணீரிலேயே மாதக்கணக்கில் இருந்திருக்கிறது. போன மாதம் நள்ளிரவில் யாரோ எதையோ வடிகாலில் கொட்டியிருந்தால் மீட்டருக்குத் தெரிய வழியில்லை, பூச்சிக்குத் தெரியும்.

மூன்றாம் நாள்

விடியற்காலை நாலு மணிக்கு மழை ஆரம்பித்தது. அக்காவின் கைப்பேசியும் உடனே அடித்தது. குழு நாளை லாங்ஃபெலோ ஓடைக்குப் போகிறது.

இன்று முழுக்கத் தெருவில்தான் நின்றேன். நாலு நாள் காய்ந்த சாலையில் விழும் முதல் மழையை ஒருமுறையாவது குனிந்து பார்க்க வேண்டும். சாலையோர வடிகால் கம்பிக்குள் இறங்கிய முதல் தண்ணீர் கறுப்புத் தேநீர் மாதிரி இருந்தது. மேலே எண்ணெய்ப் படலம், மயில்கழுத்து நிறத்தில். ஒரு வெள்ளைக் குவளையில் பிடித்து வைத்தேன். பத்து நிமிடத்தில் அடியில் கறுப்புப் பொடி படிந்தது. விரலில் தேய்த்தால் மண்போலக் கரகரக்கவில்லை, பென்சில் அழித்த ரப்பர்த் தூள் மாதிரி சுருண்டது. அதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஊரின் பழைய பகுதிகளில் வீட்டுக் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில்தான் போகின்றன. மழை வலுத்தால் குழாய் தாங்காது, இரண்டும் கலந்து ஏரியிலோ கால்வாயிலோ கடலிலோ வழிந்துவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் பாலார்டிலிருந்து வாலிங்ஃபோர்ட் வரை 2.7 மைல் நீளத்துக்குச் சுரங்கக் குழாய் தோண்டியிருக்கிறார்கள். உள்விட்டம் 18 அடி 10 அங்குலம், சுமார் 2.9 கோடி கேலன் பிடிக்கும். பஸ் போகிற அகலத்தில் ஒரு குழாய், மழைத் தண்ணீரைச் சில மணி நேரம் வைத்திருக்க மட்டும்! நிலத்தை மூடிவிட்டதற்கு எவ்வளவு பெரிய விலை என்று மலைப்பாக இருந்தது.

நாலாம் நாள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

லாங்ஃபெலோ ஓடை மேற்கு சியாட்டிலில் ஓடுகிறது. அதன் கடைசிப் பகுதி அரை மைலுக்கு மேல் பூமிக்கடியில் குழாயில் போய், டுவாமிஷ் ஆற்றில் விழுகிறது. கடலிலிருந்து வரும் கோஹோ சால்மன் அந்த இருட்டுக் குழாயை நீந்திக் கடந்துதான் ஓடைக்குள் வர வேண்டும். வருகிறது. அதை நினைக்கும்போதே நெஞ்சு நிறைகிறது.

1990-களிலும் அதற்குப் பிறகும் நகரத்தின் ஓடைகளை நிறையவே சீர்செய்தார்கள். குழாய்த் தடைகளை அகற்றினார்கள், மரத்தண்டுகளைப் போட்டு ஆழமான மடு உண்டாக்கினார்கள், சரளை கொட்டினார்கள், கரையில் மரம் நட்டார்கள். இந்த ஓடையின் மேல் மீன் எலும்புக்கூடு வடிவத்தில் ஒரு நடைபாலமே கட்டியிருக்கிறார்கள். வாழிடத்தைக் கட்டினால் மீன் வரும் என்ற நம்பிக்கை பொய்க்கவில்லை, மீன் வந்தது. வந்து, முட்டையிடாமலே செத்தது.

குழுவில் ஐந்து பேர். எல்லோர் காலிலும் இடுப்புயர ரப்பர் காலணி, கையில் அளவுகோல், எழுதும் பலகை. நான் கரையிலேயே நின்றுகொண்டேன். மீனைத் தொட அனுமதி பெற்றவர்கள்தான் தொடலாம், அது சரியான விதிதான்.

பாலத்துக்குக் கொஞ்சம் மேலே அக்கா கையைத் தூக்கினார். ஒரு பெண் கோஹோ, இரண்டு அடி நீளம் இருக்கும், உயிரோடு இருந்தது. ஆனால் நீந்தவில்லை. நீரின் மேற்பரப்பில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. பக்கத் துடுப்புகள் இரண்டும் விரித்த விசிறி மாதிரி விறைத்து நின்றன. வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒரு கல்லில் மோதியது. மோதினால் மீன் விலக வேண்டும். இது விலகாமல் அந்தக் கல்லில் தலையை முட்டியபடியே நின்றது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது, வெள்ளி வயிறு தெரிந்தது, சுதாரித்து நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது.

மூச்சுக்குத் திணறுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கரையோரம் குனிந்து மீட்டரை அமிழ்த்தினேன். தண்ணீர் 10 டிகிரி. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 10.9 மில்லிகிராம். அந்தக் குளிரில் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய உச்சமே சுமார் 11.3-தான். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் 7.4. மீட்டரைத் துடைத்து மறுபடி வைத்தேன், அதே எண். என் பெட்டியில் இருந்த எல்லாக் கருவிகளும் நல்ல ஓடை என்றன. அந்த நல்ல ஓடையில், என் காலுக்கு ஆறடி தள்ளி, அந்த மீன் செத்துக்கொண்டிருந்தது.

நாற்பது நிமிடம் ஆனது. யாரும் பேசவில்லை.

அசைவு நின்று வெகுநேரம் ஆன பிறகு குழுவில் ஒருவர் அதைக் கரைக்கு எடுத்துவந்தார். நீளம் அளந்தார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள். அப்புறம் அக்கா கத்தியால் வயிற்றைக் கீறினார்.

முட்டைகள். வயிறு முழுக்க, இரண்டு பக்கமும், மெல்லிய சவ்வுக்குள் நெருக்கி அடுக்கியதுபோல. பட்டாணியைவிடச் சிறியவை, ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம். மேகமூட்டமான அந்த வெளிச்சத்திலும் ஒவ்வொன்றும் விளக்கு மாதிரி மின்னியது. ஒரு கோஹோ 2,000-க்கு மேல் முட்டை சுமக்கும். இதன் வாலில் தேய்மானமே இல்லை. முட்டையிட்ட பெண் மீனின் வால், சரளையைத் தோண்டித் தோண்டி வெள்ளையாகத் தேய்ந்துபோயிருக்கும். இது குழி தோண்டவே ஆரம்பிக்கவில்லை.

அக்கா பலகையில் எழுதினார். பெண். நீளம். முட்டை வெளியேறவில்லை. மறுபடி எண்ணிவிடாமல் இருக்க வாலை வெட்டிவிட்டு, மீனை ஓடைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சதை பூச்சிக்கும் மரத்துக்கும் போய்ச் சேரும்.

"எத்தனை வருஷமா இதைச் செய்யறீங்கக்கா, மனசு மரத்துப் போகலையா?" என்று கேட்டேன்.

"மரத்துப் போனா எழுத விட்டுப்போயிடும் தம்பி" என்றார்.

நாலாம் நாள், இரவு

தூக்கம் வரவில்லை. இந்தச் சாவுக்குக் காரணம் கண்டுபிடித்த கதையை எழுதிவிடுகிறேன்.

2002 முதல் 2009 வரை எட்டு ஆண்டுகள் ஆய்வாளர்கள் இதே லாங்ஃபெலோ ஓடையில், இன்று அக்கா செய்ததைத்தான் செய்தார்கள். நடப்பது, எண்ணுவது, வயிற்றைக் கீறிப் பார்ப்பது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வந்த பெண் மீன்களில் 60 முதல் 100 சதவீதம் வரை முட்டையிடாமல் செத்தன. நகரத்துக்கு வெளியே உள்ள ஓடையில் இது ஒரு சதவீதம் கூட இல்லை. வெப்பமா, ஆக்சிஜன் குறைவா, நோயா, பூச்சிமருந்தா, உலோகமா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாக விலக்கினார்கள். மழை பெய்தால் சாகிறது, சாலை அதிகமுள்ள படுகையில் அதிகம் சாகிறது. கையில் இருந்த துப்பு இவ்வளவுதான்.

2015-ல் இன்னொரு சோதனை வெளியானது. 520 நெடுஞ்சாலையிலிருந்து வழிந்த மழைநீரைப் பிடித்து அதில் கோஹோ மீன்களை விட்டார்கள், ஒரு நாளுக்குள் எல்லாம் செத்தன. அதே நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண் வழியாக வடித்து விட்டார்கள், எல்லாம் பிழைத்தன. விஷம் என்னவென்று தெரியுமுன்னே மருந்து தெரிந்துவிட்டது!

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்இன்டைரும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டக்கோமா வளாகத்தில் இருந்த ஜென்யு தியானும் அவர்களது குழுக்களும் சந்தேகத்தை டயர் மீது திருப்பினார்கள். டயரைச் சீவி, அந்தத் தூளை ஊறவைத்த நீரில் மீன் செத்தது. அந்த நீரில் 2,000-க்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள். அதைப் பிரித்து, எந்தப் பிரிவு கொல்கிறது என்று மீனை வைத்துப் பார்த்து, அதை மறுபடி பிரித்து, கடைசியில் ஒரே ஒரு பொருளில் வந்து நின்றார்கள். 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். டயரில் சேர்க்கும் எந்தப் பொருளின் பட்டியலிலும் இது இல்லை.

இல்லாததற்குக் காரணம், அதை யாரும் சேர்க்கவில்லை. காற்றிலுள்ள ஓசோனால் டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்க 6-பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அதில் 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். ரப்பருக்குப் பதிலாக அது ஓசோனோடு வினைபுரிந்து 6-பிபிடி குயினோன் ஆகிறது. அதுதான் கொலைகாரன். 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2022-ல் தூய மாதிரியை வைத்து மறுபடி அளந்தபோது, லிட்டருக்கு சுமார் 95 நானோகிராம் இருந்தாலே ஒரு நாளில் பாதி மீன்கள் சாகும் என்று தெரிந்தது. 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் பெரிய நீச்சல்குளத்தில் கால் கிராம் கலந்தால் போதும்.

நேற்று என் விரலில் சுருண்ட கறுப்புத் தூளை நினைத்துக்கொண்டேன்.

இதைக் கண்டுபிடித்தது நுட்பமான கருவிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் கருவிக்குத் தேடச் சொல்லிக் கொடுத்தது யார்? மழையில் நனைந்து, வருடக்கணக்கில் செத்த மீனின் வயிற்றைக் கீறி, "முட்டை வெளியேறவில்லை" என்று திரும்பத் திரும்ப எழுதியவர்கள். தண்ணீரை மட்டும் சோதித்திருந்தால் என் மீட்டர் இன்று சொன்னதைத்தான் எல்லோரும் நம்பியிருப்போம். இனிமேல் எந்த ஓடைக்குப் போனாலும் என் குறிப்பேட்டில் எண்ணுக்கு முன்னால் உயிரைப் பற்றி எழுதுவதாக இருக்கிறேன்.

ஐந்தாம் நாள்

நாள் முழுக்க மழை. அக்காவுக்கு வேலை. நான் ஈரத் துணிகளை உலர்த்தி, மீட்டர்களைத் திருத்தி வைத்தேன்.

2023 ஆகஸ்டில் யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்கலாலம், புயல்லப் ஆகிய மூன்று பழங்குடி மக்கள் டயரில் 6-பிபிடியைத் தடை செய்யச் சொல்லி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் மனுக் கொடுத்தார்கள். நவம்பரில் முகமை அந்த மனுவை ஏற்று, விதி வகுக்கும் வேலையைத் தொடங்குவதாக அறிவித்தது. டயரில் விரிசல் விழாமலும் இருக்க வேண்டும், மீனும் சாகக் கூடாது. அப்படியொரு மாற்றுப் பொருள் வரும்வரை மண்தான் வடிகட்டி.

ஆறாம் நாள்

வடமேற்கே கார்கீக் பூங்கா. பைப்பர்ஸ் ஓடை.

காரை நிறுத்தும்போதே சத்தம் கேட்டது, சளசளவென்று யாரோ தண்ணீரில் கை தட்டுவது மாதிரி. சம் சால்மன்! ஓடை முழுக்க. முழங்கால் கூட நனையாத தண்ணீரில் முதுகு வெளியே தெரிய, பச்சையும் ஊதாவுமாகப் பட்டை போட்ட மீன்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு மேலேறின. ஒரு பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் சரளையை அடித்தது. கல் தெறித்தது. இந்த முறை சாய்ந்ததைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது, பிறகுதான் குழி தோண்டுகிறது என்று புரிந்தது. அதன் வால் ஓரம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. குழந்தைகள் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மனசு லேசானது. இங்கேயும் மழை பெய்ததே, இங்கேயும் மேலே சாலைகள்தானே, இவை எப்படிப் பிழைத்தன?

"சம் மீனுக்கு அந்த விஷம் ஏறாது தம்பி" என்றார் அக்கா. சோதித்துப் பார்த்த உண்மை அது. கோஹோ சாகும் அளவில் சம் சாவதில்லை, இரண்டும் ஒரே குடும்பமாக இருந்தும். இந்த ஓடையில் சம் மீனை மட்டும் எண்ணியிருந்தால் எல்லாம் நலம் என்று எழுதியிருப்போம்.

பூங்காவுக்குள்ளேயே ஓடைக்குப் பக்கத்தில், மழைக்காலத்தில் மட்டும் இயங்கும் கழிவுநீர் நிலையம் ஒன்று இருக்கிறது. குழாய் தாங்காமல் வழியும் கலப்பு நீரை ஓரளவு சுத்திகரித்துக் கடலில் விட. மீன் பார்க்க வந்தவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். யாராவது நின்று பார்க்கிறார்களா என்று கவனித்தேன், இல்லை.

மதியம் ஓடையின் மேல்படுகையில் பிராட்வியூ பகுதிக்குப் போனோம். அங்கே ஒரு தெருவை 2001-ல் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். நேர்ச்சாலையைப் பாம்பு மாதிரி வளைத்து, அகலத்தைக் குறைத்து, மிச்ச இடத்தில் இரண்டு பக்கமும் பள்ளமான செடிப்படுகைகள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் வருடக்கணக்கில் அளந்து பார்த்ததில், அந்தத் தெருவிலிருந்து வெளியேறும் மழைநீர் 99 சதவீதம் குறைந்திருந்தது. மழையில் அங்கே நின்றேன். சாலையில் ஓடிய நீர் விளிம்பைத் தாண்டிச் செடிக்குள் இறங்கியது, அதற்கப்புறம் காணவில்லை. தெருமுனை வடிகால் கம்பிக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு கூட விழவில்லை. அந்த வறண்ட வடிகாலை என் கைப்பேசியில் பத்துப் படம் எடுத்திருக்கிறேன்.

ஏழாம் நாள்

மாலை விமானம். காலையில் லாங்ஃபெலோவுக்கு மறுபடி ஒரு சுற்று. இன்று நானும் அக்காவும் இன்னொருவரும் மட்டும். தூறல்தான்.

பாலத்திலிருந்து மேலே நடந்தோம். மடு மடுவாக நின்று பார்த்தோம். மரத்தண்டுக்கு அடியில் அக்கா டார்ச் அடித்துப் பார்த்தார். நீர்நாய் மாதிரி ஏதோ நகர்ந்தது, ஓடையில் அணை கட்டும் பீவர். அதன் அணை ஓரத்தில் மஞ்சள் இலைகள் ஒதுங்கிக் கிடந்தன. மூன்று நாளுக்கு முன் வாலை வெட்டிவிட்ட அந்த மீன் அதே இடத்தில் கிடந்தது. கண்ணைப் பறவை கொத்தியிருந்தது. சுற்றிலும் சரளையில் சில முட்டைகள் வெளிறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. உயிருள்ள மீன் ஒன்று கூட இல்லை, புதிதாகச் செத்ததும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினோம். காரில் ஏறுமுன் அக்கா பலகையை எடுத்து, மழைத்துளி படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு எழுதினார். தேதி, நேரம், தண்ணீர் 9 டிகிரி, தூறல், தெளிவு நன்று. உயிருள்ள கோஹோ: 0. இறந்த கோஹோ, புதிது: 0.

பூஜ்ஜியத்தின் மேல் பேனாவை இன்னொரு தடவை ஓட்டி அழுத்தமாக்கினார். "மங்கலா இருந்தா யாரும் வரலைன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். பலகையை என்னிடம் நீட்டினார். வந்தவர்கள் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.